வாடகை வரும், தவணை தீருமா?

தினசரி காலண்டரில் கிழித்த தாள் அது. முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் போட்ட கணக்கு. மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், கட்டி எட்டு வருடம் ஆகிறது, விலை 60 லட்சம். வங்கிக் கடன் 45 லட்சம், 20 வருடம், எட்டரை சதவீத வட்டி. மாதத் தவணை 39,052 ரூபாய். அதன் கீழே ஒரு கழித்தல் குறி போட்டு, ‘வாடகை 18,000’ என்று எழுதி, மீதி 21,052-ஐ இரண்டு முறை வட்டமிட்டிருந்தார் நண்பர். தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: ‘அட்வான்ஸ் 1,80,000 – பெயின்ட், கிரில்.’

“பாதித் தவணையை வாடகையே கட்டிடும்டா. மிச்சத்தை நான் போட்டா இருபது வருஷத்துல ஒரு வீடு நம்ம கையில. இதுல என்ன தப்பு இருக்கு?”

கேட்டவருக்கு வயது 42. குரோம்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். பிடித்தம் போகக் கையில் வருவது 95,000. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. பங்குச்சந்தை என்றால் பயம். டெபாசிட் வட்டி போதவில்லை. ‘ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் வாடகையாவது வரும்’ என்று மாமனார் சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் எல்லா மாமனார்களும் சொல்வதுதான். வாங்கிப் போடுவது என்கிறோம், ஏதோ பரணில் போட்டு மறந்துவிடலாம் என்பதுபோல. வாடகை வீட்டை அப்படி மறக்க முடியாது. மோட்டார் ரிப்பேர், கசிவு, சொத்து வரி, காலி செய்கிறேன் என்று ஒரு போன் என்று அது மாதாமாதம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அன்று இரவு பதினொரு மணி வரை அந்தத் தாளை நடுவில் வைத்துப் பேசினோம். புதிதாக இந்த வழிக்கு வருகிறவர்கள் கடனைப் பற்றி வங்கியில் கேட்கிறார்கள், குடிவருகிறவரைப் பற்றித் தரகரிடம் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்பதுதான் இத்தனை வருடம் வாடகை வீடுகளில் இருந்தும், வாங்கியவர்களைப் பார்த்தும் எனக்குப் பட்டது. கடனில் மூச்சு முட்டுகிறவரால் நல்ல ஹவுஸ் ஓனராக இருக்க முடியாது. அவருடைய நெருக்கடி, முதல் தேதி காலையில் குடியிருப்பவரின் கதவைத்தான் தட்டும்.

60,00,000

தாளில் முதலில் இருந்த எண்ணே முழு எண் இல்லை.

வங்கி எவ்வளவு தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம். 30-லிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். நண்பருக்கு அதிகபட்சம் 48 லட்சம் கிடைக்கலாம், 45 கேட்கிறார், சரி. ஆனால் இந்த ‘மதிப்பு’ என்பது வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு. விற்பவர் கேட்கும் விலை வேறாக இருக்கலாம். தவிர, முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. அதை நம் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் கைமாறும் பழைய வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். தரகருக்கு ஒரு சதவீதம் என்றால் 60,000. வக்கீல் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தை அடமானமாக ஒப்படைக்கும் ஆவணத்துக்கான செலவு எல்லாம் சேர்ந்து ஓர் அரை லட்சம். பெயின்ட், கிரில், தண்ணீர்த் தொட்டி என்று ஒன்றரை லட்சம். முதலில் போட வேண்டிய 15 லட்சத்தோடு இவற்றைக் கூட்டினால் 23 லட்சம் வருகிறது. நண்பரின் கையில் இருந்தது 19. சீட்டு எடுத்தது, பி.எஃப்-பில் எடுக்கக்கூடியது, மனைவியின் வளையல் எல்லாம் சேர்த்து.

மிச்சம் 4 லட்சத்துக்குப் பர்சனல் லோன் என்றார். அந்த இடத்தில்தான் நான் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக் கடனின் முன்பணத்தையே இன்னொரு கடனில் கட்டுகிறவர் முதல் மாதத்திலிருந்து இரண்டு தவணை கட்டுகிறார். பர்சனல் லோன் வட்டி வீட்டுக் கடனைவிட எப்போதும் அதிகம். திருப்பிக் கட்டும் காலமோ குறைவு. என்னைக் கேட்டால், பதிவுச் செலவு வரை சொந்தப் பணம் இல்லாதவர் அந்த வீட்டை வாங்க இன்னும் தயாராகவில்லை. இரண்டு வருடம் பொறுக்கலாம். இல்லாவிட்டால் சின்ன வீடாகப் பார்க்கலாம்.

ஒன்றை அவர் கேட்கவே இல்லை, நானே சொன்னேன். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சதவீதத்தை வாங்குபவரே வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் நோட்டீஸ் வாங்கியவருக்குத்தான் வரும்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் கேள்விகள் வேறு. கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா அமைப்பில் பதிவான திட்டமா என்பது முதல் கேள்வி. அரைகுறைக் கட்டடத்துக்கு ஜி.எஸ்.டி உண்டு, முடிவுச் சான்று பெற்ற பிறகு விற்கும் வீட்டுக்குக் கிடையாது. முக்கியமாக, சாவி கைக்கு வரும்வரை வாடகை வராது, வட்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வாடகையை நம்பித் தவணை கட்ட நினைக்கிறவர், முதல் முறையாக இதில் இறங்குகிறவர், கட்டி முடிந்த வீட்டையே பார்ப்பது நல்லது.

39,052

தவணை என்பது ஒரே எண்ணாகத் தெரியும். அதைப் பிளந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். 45 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்தில் முதல் மாத வட்டி 31,875. அசலில் கழிவது 7,177. அதாவது முதல் மாதம் வரும் 18,000 வாடகை, வட்டிக்கே பாதி தூரம்தான் போகிறது. அசல் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. 20 வருடமும் இதே வட்டியில் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 93.7 லட்சம்.

இதே வட்டியில் என்பது நடக்காத காரியம். இன்றைய வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீத ஏற்றம்.

அது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நண்பரின் கடனிலேயே போட்டுக் காட்டினேன். 7 சதவீதத்தில் 45 லட்சம் வாங்கியிருந்தால் தவணை 34,888. வட்டி ஒன்பதரைக்குப் போனால் மாத வட்டி மட்டுமே 35,000-ஐத் தாண்டிவிடும். பழைய தவணையைக் கட்டிக்கொண்டிருந்தால் அசல் குறையாது, கூடும். மாதம் தவறாமல் கட்டுகிறோம், ஆனால் கடன் வளர்கிறது. அப்போது பலருக்குத் தவணை ஏறவில்லை, காலம்தான் நீண்டது. 20 வருடக் கடன் சத்தமில்லாமல் 25, 28 என்று போனதை வருட இறுதியில் ஸ்டேட்மென்ட் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதில் தலையிட்டது. வட்டி மாறும்போது கடன் வாங்கியவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று அவரைக் கேட்க வேண்டும். கேட்டு வரும் அந்தக் கடிதத்தைப் படியுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதும் விதிதான். போனஸ் வரும் வருடம் ஓர் ஐம்பதாயிரத்தை அசலில் கட்டினால் கடைசி வருடங்களில் பல தவணைகள் குறையும்.

வங்கியில் கையெழுத்துப் போடும் நாளைப் பார்த்திருக்கிறீர்களா? மேசையில் ஒரு கட்டுக் காகிதம். ‘இங்க சார், இங்க சார்’ என்று விரல் நகர்ந்துகொண்டே இருக்கும். நாற்பது, ஐம்பது கையெழுத்து. அந்தக் கட்டில் இரண்டு விஷயங்களைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன். ஒன்று, கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டையும் கட்டிவிட்டிருக்கிறார்களா என்பது. குடும்பத்துக்குக் காப்பீடு அவசியம். ஆனால் அதை அந்த வங்கி காட்டும் நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் பெரும்பாலும் மலிவு. இரண்டாவது, வீட்டை வாடகைக்கோ போக்கியத்துக்கோ விட வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்ற வரி. அந்த வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். வாடகைக்கு விடத்தான் வாங்குகிறேன் என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடன் முடிந்த பிறகு மூலப்பத்திரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கடனை அடைத்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இது நடைமுறை.

18,000

வருடத்துக்குப் பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று போட்ட கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவர் காலி செய்து இன்னொருவர் வர ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் பராமரிப்புக் கட்டணத்தையும் உரிமையாளரே கட்ட வேண்டும். சொத்து வரி உண்டு. பாத்ரூம் கசிவு, கீசர், மோட்டாரில் உங்கள் பங்கு என்று ஏதாவது வரும். இதெல்லாம் போக நண்பருக்கு வருடம் 1,70,000 நின்றால் பெரிது. அவர் போடும் மொத்தப் பணம், கடனையும் சேர்த்து, 68 லட்சம். இரண்டரை சதவீதம். எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி இரண்டரை சதவீதம் தரும் ஒன்றை வாங்குகிறோம். மிச்சத்தை எதிர்கால விலையேற்றம் ஈடுகட்ட வேண்டும்.

விலை ஏறாதா என்றால் ஏறலாம். ஏறுவது நிலம். ஃபிளாட்டில் நிலம் என்பது பத்திரத்தில் உள்ள பிரிபடாத பாகம் மட்டுமே. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அது எத்தனை சதுர அடி என்று பார்க்காமல் மார்பிள் தரையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டடம் வருடா வருடம் பழையதாகும். அதோடு, சென்னையின் தென்புறத்தில் வாங்குகிறவர்கள் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் மறக்கக் கூடாது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் தரைத்தள வீடுகளில் புகுந்த தண்ணீரை டிவியில் பார்த்தோம், சிலர் நேரிலேயே பார்த்தோம். வீட்டைப் பார்க்க ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை போனால் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை அந்தத் தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வர வேண்டும். எதிர்ச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வாடகைக்கு வருகிறவர் அதைப் பார்ப்பார்.

2020-ஐயும் நினைவுபடுத்தினேன். எங்களோடு வேலை பார்த்த ஒருவருக்கு நாவலூரில் ஃபிளாட். ஐ.டி தம்பதி குடியிருந்தார்கள். ஊரடங்கு வந்தது, வீட்டிலிருந்தே வேலை என்றார்கள், அவர்கள் திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏழு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. அந்த மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் அந்த ஆறு மாத வட்டி எங்கும் போகவில்லை, கடன் கணக்கிலேயே ஏறி உட்கார்ந்தது. வாடகையும் இல்லை, தவணையும் ஓய்ந்தபாடில்லை, சம்பளத்திலும் வெட்டு. அவர் வீட்டை விற்கவில்லை. தம்பியிடம் கடன் வாங்கித் தாக்குப்பிடித்தார். அதனால்தான் சொல்கிறேன்: வாடகை ஒரு ரூபாய்கூட வராமல் ஆறு மாதத் தவணையைக் கட்டும் பணம் தனியே இருக்க வேண்டும். நண்பருக்கு அது 2,34,000. அவருடைய தாளில் அதற்கு இடமே இல்லை.

வருமான வரியில் சலுகை உண்டே என்று கேட்டார். உண்டு, ஆனால் எந்த முறையில் வரி கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. வாடகையில் கட்டிய சொத்து வரி போக, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கு என்று எல்லோரும் கழித்துக்கொள்ளலாம், பில் வேண்டாம். பிறகு வட்டியைக் கழித்தால் நண்பருக்கு முதல் வருடம் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் நஷ்டம் காட்டும். பழைய முறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொண்டு, மீதியை எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம். புதிய முறையில் வாடகை வருமானம் பூஜ்யமாகும், அவ்வளவுதான். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. நண்பர் புதிய முறைக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது.

1,80,000

இனி தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த எண்ணுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது வழக்கம். குடிவருகிறவர் நகையை வைத்தோ, நண்பரிடம் கேட்டோ, பழைய வீட்டு ஓனர் திருப்பிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்தோ கொடுக்கிறார். உரிமையாளருக்கு அது வட்டியில்லாமல் வந்த பணம். பெயின்டுக்குப் போகிறது, கிரில்லுக்குப் போகிறது, பத்திரச் செலவில் விழுந்த ஓட்டையை அடைக்கப் போகிறது. இரண்டு வருடம் கழித்து அவர் ‘சார், அடுத்த மாசம் காலி பண்றோம்’ என்கிறார். பணம் எங்கே?

2011-ல் மடிப்பாக்கத்தில் நான் குடியிருந்த வீட்டுக்கு வாடகை 7,500, அட்வான்ஸ் 75,000. காலி செய்வதாக இரண்டு மாதம் முன்பே சொன்னேன். சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று உரிமையாளர் வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அறை அறையாகப் பார்த்தார். சமையலறை வாசல் பக்கச் சுவரில், என் மகளின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறித்துவைத்த பென்சில் கோடுகள் மூன்று இருந்தன. அதன்மேல் விரலை வைத்து, “இதுக்கும் சேர்த்துதான் பெயின்ட் அடிக்கணும்” என்று ஒரு மாத வாடகையைக் கழித்தார். மீதி 67,500-ஐ அன்று தரவில்லை. “புது ஆள் வரட்டும் தம்பி. அவங்க அட்வான்ஸ் வாங்கித் தந்துடுறேன்.”

புது ஆள் வர ஐந்து மாதம் ஆனது. மூன்று தவணையாகக் கொடுத்தார். கடைசித் தவணையைக் கொடுக்க அவரே ஒரு மஞ்சப்பையில் எடுத்துவந்தார். அந்த ஐந்து மாதமும் புது வீட்டு அட்வான்ஸுக்காக வாங்கிய கைமாற்றுக்கு நான் வட்டி கட்டினேன். அவர் மோசக்காரர் இல்லை. அந்த வீட்டுக்கு வங்கித் தவணை கட்டிக்கொண்டிருந்தார். என் 75,000 அதில் எப்போதோ கரைந்திருந்தது. அதை அவரே அன்று சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அந்த ஏற்பாடு சரியில்லை என்ற எண்ணம் போகவில்லை. இன்றும் எத்தனையோ குடும்பங்கள் வீடு மாற முடியாமல் தவிப்பதற்குக் காரணம், பழைய அட்வான்ஸ் கைக்கு வராததுதான்.

சட்டம் அதன்பிறகு மாறியது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அது முன்பணத்துக்கு முன்வைக்கும் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தந்துவிட வேண்டும். வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சின்ன பழுதுகள் குடியிருப்பவருடையவை. ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிக்கும் வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது என்பதால் அது நியாயமாகிவிடாது.

அதனால் நண்பரிடம் அந்த ஓர வரியை அடிக்கச் சொன்னேன். அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை. வேறொருவர் உங்களிடம் கொடுத்துவைத்த பணம்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. தவணை நெருக்கும்போது சிலர் வாடகையை விட்டுவிட்டு வீட்டைப் போக்கியத்துக்கு, சென்னை வழக்கில் லீஸுக்கு, விடுகிறார்கள். எட்டு லட்சம் மொத்தமாக வாங்கிக்கொள்வது, மூன்று வருடம் வாடகை கிடையாது, முடிவில் எட்டு லட்சத்தைத் திருப்புவது. வாங்கிய எட்டு லட்சம் செலவாகிவிடும், மாத வருமானம் நின்றுவிடும், தவணை மட்டும் நிற்காது. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு வீட்டைக் கையகப்படுத்தி ஏலம். அப்போது தெருவில் நிற்பது எட்டு லட்சம் கொடுத்த குடும்பம். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்ததை இப்படிக் கொடுத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கடன் உள்ள வீட்டை, வங்கிக்குத் தெரியாமல், போக்கியத்துக்கு விடாதீர்கள். இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யாருக்கு விடுவது?

“நல்ல ஆளா எப்படிடா கண்டுபிடிக்கிறது?” நண்பரின் கடைசிக் கேள்வி இது. தரகரின் போன் பேச்சைக் கேட்டால் நம் ஊர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று தெரியும். சைவமா? பேச்சிலரா? எந்த ஊர்? எந்த ஆளுங்க? பெயரைக் கேட்டதும் ‘வீடு முடிஞ்சிடுச்சு’ என்று போனை வைப்பவர்கள் உண்டு. சாதி கேட்டும் மதம் பார்த்தும் வீடு மறுப்பது மனிதரை அவமதிப்பது. அதில் வேறு பேச்சுக்கு இடமில்லை. வரவு செலவாகப் பார்த்தாலும் அது முட்டாள்தனம். இந்தக் கேள்விகளில் எதுவும் ஒருவர் வாடகையை ஒழுங்காகத் தருவாரா, வீட்டை வீடாக வைத்திருப்பாரா என்பதைச் சொல்லாது.

கேட்க வேண்டியவை வேறு. எங்கே வேலை, எத்தனை வருடமாக? முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரின் எண் தருவாரா? எத்தனை பேர் தங்கப்போகிறார்கள்? வாடகை அவர்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா? அடையாளச் சான்றின் நகல் வாங்குங்கள், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் குடியிருப்போர் விவரப் படிவத்தைப் பூர்த்தி செய்யுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு வாடகைப்படிச் சலுகைக்கு அவர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார். மறுக்காதீர்கள், வாடகையை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். மின்கட்டணத்தை அந்த வீட்டு இணைப்பு எண்ணில் அவரே கட்டட்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருவதை நடுவில் நின்று எடுத்துக்கொண்டு, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வசூலிக்கும் உரிமையாளர்கள் செய்வது சின்னத் திருட்டு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்கப் பிறந்ததுதான் 11 மாத ஒப்பந்தம். இன்றைய சட்டத்தில் 11 மாதமானாலும் அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பதிவு எண் ஒன்று கிடைக்கும். அந்த எண் உரிமையாளருக்குத்தான் முதல் பாதுகாப்பு. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் தராதவரையும், உங்கள் சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விட்டவரையும் காலி செய்யவைக்க வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். கையில் பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் போனால் முதல் படியிலேயே தடுக்கும். குடியிருப்பவருக்கும் அதே சட்டம் காவல் இருக்கிறது. தகராறு எதுவானாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது, பூட்டை மாற்றக் கூடாது. தவணை தேதி நெருங்கிய ஆத்திரத்தில் மோட்டாரை அணைத்துவைக்கும் உரிமையாளர், ஒரு நாள் கோபத்தில் தன் வழக்கையே கெடுத்துக்கொள்கிறார்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டை ஒரு சுற்று வந்து போனில் படம் எடுங்கள். மின்விசிறி எத்தனை, சாவி எத்தனை, சிங்க் பக்கத்து டைல்ஸில் ஏற்கெனவே இருந்த விரிசல் எது என்று. பத்து நிமிட வேலை. காலி செய்யும் நாளில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்க வேண்டியிருக்காது.

நண்பர் மேடவாக்கம் வீட்டை வாங்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, செம்பாக்கத்தில் 48 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட்டை 35 லட்சம் கடனில் வாங்கினார். பர்சனல் லோன் இல்லை. ஆறு மாதத் தவணை தனியே இருக்கிறது. வாடகை 14,500, ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை பார்க்கும் இரண்டு சகோதரிகள் தங்கள் அம்மாவோடு குடியிருக்கிறார்கள். மூன்று மாத அட்வான்ஸ், 43,500 ரூபாய். தவணையில் பாதிகூட வாடகையிலிருந்து வருவதில்லை. அது வராது என்று தெரிந்தே வாங்கினார்.

வாடகைக்கு விட வீடு வாங்கப்போகிற வாசகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்வான்ஸ் கைக்கு வரும் அன்றே அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அவர்கள் காலி செய்யும் நாளில், வண்டியில் சாமான் ஏறும்போதே, கையில் கொடுத்து அனுப்புங்கள்.